பனிக்கு முதல்நாள் வந்தவர்கள்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ன’ வரும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழைகளை மனைவி பார்த்துத் திருத்தியிருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பியவை என்னுடையவை. எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறிப் போவதற்குக் காரணம் எதுவும் சொல்வதற்கில்லை. என் கை அப்படித்தான் போகிறது.

பாரிஸ் நகரத்து லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் இருபத்தெட்டு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறேன். வீடு வடக்குப் புறநகரான கார்ஜில். விடிய முதல் ரயில் பிடித்து, வட நிலையத்தில் இறங்கி நடந்து போவேன். தண்டவாளத்தில் உறைபனி பிடித்தால் ரயில் ஓடாது. கடையும் நேரத்துக்குத் திறக்காது. அதனால் தொலைக்காட்சியில் செய்தி முடிந்து வானிலை சொல்லும்வரை நான் படுக்கப் போவதில்லை. பிரெஞ்சு மொழியில் எனக்கு முழுதாக விளங்குவது அது ஒன்றுதான். நகரசபையில் போய் ஒரு படிவம் கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறது, எத்தனை மணிக்கு மழை பனியாக மாறும், எந்த மாவட்டத்துக்கு என்ன எச்சரிக்கை நிறம் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு சொல் தவறாமல் விளங்கும்.

கடையில் இது எல்லோருக்கும் தெரியும். எங்கள் சமையல்காரர் மன்னார்ப் பக்கத்து ஆள். நான் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னரே கேட்பார்.

“அண்ணை, நாளைக்கு என்ன மாதிரி?”

“மைனஸ் மூண்டு. காத்தும் இருக்கு.”

“ரீவியிலை வாற அந்தப் பொம்பிளை சொன்னவவோ, நீங்கள் சொல்லுறியளோ?”

“அவ மைனஸ் ரெண்டு எண்டவ. எங்கடை பக்கம் வெளி. ஒண்டு கூட்டிச் சொல்லுறன்.”

இப்படிக் கதைப்பது அவரோடு மட்டும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்லக்கூட மனைவியைத்தான் முன்னால் விடுவேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுடைய கலியாணம் முதலில் ஆவணி மாதம் நடக்க இருந்தது. ஒரு கிழமைக்கு முன்னர் எனக்கு வயிற்றில் அவசரமாக ஒப்பரேஷன் செய்ய வேண்டி வந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடக்க, கலியாணத்தைத் தள்ளி வைத்தார்கள். மகள் கட்டில் பக்கத்தில் இருந்துகொண்டு, “பரவாயில்லை அப்பா” என்று சொன்னாள். ஆனால் கைவிரல்களில் மருதோன்றி போட்டுப் பார்த்த அடையாளம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் படுத்திருந்தேன்.

மறுபடி நாள் பார்த்தபோது தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. முகூர்த்தம் காலை ஒன்பது பத்துக்கும் பத்து இருபதுக்கும் இடையில். அதை விட்டால் இரண்டு பேருடைய சாதகத்துக்கும் பொருந்திய நாள் வைகாசிக்குப் பிறகுதான் என்று ஐயர் சொன்னார். இரண்டாம் முறையும் தள்ளினால் சனம் என்ன கதைக்கும் என்று மனைவி பயந்தாள். சனத்தை விட மகளின் முகத்துக்குத்தான் நான் பயந்தேன்.

மண்டபம் கார்ஜிலிருந்து வடக்கே, விமான நிலையத்தையும் தாண்டி, வயல்களுக்கு நடுவில் இருந்தது. சீனி எடுக்கிற பீற்றூட் பயிரிடும் வெளி அது. மலை இல்லை, காடு இல்லை. வடக்கே இருந்து புறப்படும் காற்றை மறிக்க ஒரு மரம்கூடக் கிடையாது. ரயிலும் அங்கே போகாது, காரில்தான் போகவேண்டும். கார் நிறுத்த இடம் இருக்கிறது என்பதற்காக மனைவியின் தமையன் அதைப் பிடித்தார். கலியாணம் முழுவதையும் அவர்தான் தலையில் போட்டு நடத்தினார். நல்ல மனிதர். ஆனால் அவர் கதைக்கத் தொடங்கினால் மற்றவர்கள் காது கொடுப்பதோடு சரி.

கலியாணக் கிழமையின் செவ்வாய்க்கிழமை, வானிலை சொன்ன பெண் வரைபடத்தின் வடபாதியில் கையை வைத்துச் சுற்றினாள். வெள்ளி இரவு வடக்குச் சமவெளி எங்கும் பனிப்புயல். முதலில் மழை விழுந்து வீதியிலேயே கண்ணாடி மாதிரி உறையும், அதற்கு மேலே பனி கொட்டும், காற்று அதை அள்ளிக் குவிக்கும். சனிக்கிழமை நண்பகல்வரை நிற்காது. பிறகு ஒரு கிழமைக்குக் கடுங்குளிர். நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

புதன்கிழமை பின்னேரம் சம்பந்தியும் அவருடைய மனைவியும் இன்னொரு புறநகரான திரான்சியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கடைசியாக எல்லாவற்றையும் ஒருமுறை கதைத்துச் சரிபார்க்கத்தான். மைத்துனர் கையில் ஒரு கொப்பியோடு நடுவில் இருந்தார்.

“முகூர்த்தம் ஒன்பது பத்து. அதாலை சனம் பத்தரைக்கு வரும்” என்றார்.

“அதென்ன கணக்கு?” என்று சம்பந்தி சிரித்தார்.

“எங்கடை ஆக்கள் தாலி கட்டுறதைப் பாக்க வாறேல்லை. சாப்பாட்டுக்கு வாறவை. ஐயர் ஏழரைக்கு நிப்பார். நீங்கள் மாப்பிள்ளையை எட்டரைக்குக் கொண்டு வாங்கோ. சாப்பாட்டு வான் லா சப்பலிலை இருந்து பதினொண்டுக்கு வரும்.”

நான் சுவரோடு இருந்தேன். சொல்லவேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தேன்.

“வெள்ளிக்கிழமை ஸ்நோ...”

எல்லோரும் திரும்பினார்கள். சம்பந்தி மரியாதையாக முன்னுக்குக் குனிந்து, “என்ன சொன்னனீங்கள்?” என்று கேட்டார்.

“இல்லை... தேத்தண்ணி ஆறுது” என்றேன்.

மைத்துனர் மட்டும் அந்த முதற் சொல்லைப் பிடித்துவிட்டார். “மச்சான் ரீவி பாத்திட்டு வந்து நிக்கிறார். ரீவிக்காரன் புயல் எண்டுவான், கடைசியிலை ரெண்டு தூறல் விழும். போன வருசமும் உப்பிடித்தான் வெருட்டினவங்கள். நீர் பேசாமல் இரும், நான் பாக்கிறன்.”

நான் பேசாமல் இருந்தேன். அது எனக்குக் கைவந்த வேலை.

வியாழன் இரவு எங்கள் மாவட்டத்துக்கு ஒரான்ஜ் நிறம் போட்டுவிட்டார்கள். பார வண்டிகளை நெடுஞ்சாலையில் விடமாட்டார்கள், பேருந்துகளும் ஓடாது என்று அறிவித்தார்கள். மனைவி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

“இஞ்சருங்கோ, உண்மையா வருமோ?”

“வரும்.”

“அப்ப அண்ணையிட்டைச் சொல்லுங்கோவன்.”

“நீ சொல்லன்.”

“நான் மூண்டு தரம் சொல்லிட்டன். ‘உன்ரை மனிசன்ரை கதை’ எண்டு சிரிக்கிறார்.”

வெள்ளிக்கிழமை காலை நான் லீவில் இருந்தாலும் லா சப்பலுக்குப் போனேன். கலியாணச் சாப்பாடு எங்கள் கடையில் இருந்துதான். சாப்பாட்டு வானில் ஏற்றவேண்டிய பெரிய சட்டிகளைக் கழுவி அடுக்கிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். உண்மையில் வீட்டில் இருக்க முடியவில்லை. வானம் சாம்பல் பூசியது மாதிரி இருந்தது, காற்று அசையவே இல்லை.

சமையல்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். “அண்ணை, நாளைக்கு நான் எத்தினை மணிக்கு வெளிக்கிட?”

“நாளைக்கு உங்களாலை வெளிக்கிட ஏலாது. இரவு ஏழு மணியிலை இருந்து ரோட்டு மூடிப் போகும்.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “இதை உங்கடை சம்பந்திக்குச் சொல்லிட்டியளோ?”

“இல்லை.”

“மச்சானுக்கு?”

“அவர் கேக்கமாட்டார்.”

“நல்ல கதை. கருவேப்பிலை விக்கிற பெடியனுக்கும் காலைமை காலைமை குளிர் எத்தினை எண்டு சொல்லுறியள். பெத்த பிள்ளையின்ரை கலியாணத்துக்கு வாயைத் திறக்க மாட்டியளாம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “என்ன செய்யலாம் எண்டு உங்களுக்கு ஏதும் யோசினை இருக்கோ?”

இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்தே இருந்தது. நாளைக்கு வரமுடியாதென்றால் இன்றைக்கே வரவேண்டும். மண்டபக் கதவின் திறப்பு வெள்ளி மத்தியானத்திலிருந்து எங்கள் கையில். மணவறைச் சோடினை செய்வதற்காக அப்படி எடுத்திருந்தோம். வெப்பமூட்டி இருக்கிறது, குசினி இருக்கிறது. நான் இதைச் சொன்னதும் சமையல்காரர் என் சட்டைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை அவரே எடுத்து நீட்டினார்.

“கலியாணத்துக்கு வட்ஸ்அப் குறூப் இருக்குத்தானே? அதிலை கதையுங்கோ. ஆற்றை முகத்தையும் பாக்கத் தேவையில்லை.”

சமையலறையில் பாத்திரச் சத்தம். வெளியே வீதியில் கார்ச் சத்தம். அமைதியான இடம் ஒன்றுதான் இருந்தது, இறைச்சி வைக்கிற குளிரறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆட்டுத் தொடைகளுக்கும் மீன் பெட்டிகளுக்கும் நடுவில் நின்று பதிவை அமத்தினேன். முதல் முறை குரல் வரவில்லை. இரண்டாம் முறை என் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். அழித்தேன். மூன்றாம், நான்காம் முறையும் அழித்தேன். நான் கோட் போடாமல் போயிருந்தேன். ஐந்தாம் முறை சொல்லும்போது பல்லோடு பல் அடித்தது.

“நான் பொம்பிளையின்ரை தகப்பன் கதைக்கிறன். எல்லாருக்கும் வணக்கம். நாளைக்குக் காலைமை ஒருத்தராலையும் வர ஏலாது. ரோட்டு உறைஞ்சு போகும். இண்டைக்கு, இருட்டுப் பட முதல் வாங்கோ. பின்னேரம் நாலு மணிக்கு. போர்வை, தலையணை கொண்டு வாங்கோ. பிள்ளையளுக்குக் காலுறை ரெண்டு சோடி போடுங்கோ. சாப்பாடு இருக்கும். எல்லாரும் மண்டபத்திலையே நிப்பம். என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தை ஏற்கெனவே ஒருக்கால் நான் நிப்பாட்டினனான். இன்னொருக்கால் நிக்கக் கூடாது. தயவுசெய்து வாங்கோ.”

அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். சமையல்காரர் ஒரு துவாயைத் தோளில் போட்டு, சுடுதண்ணீர் தந்தார்.

முதல் அழைப்பு என் தங்கையிடமிருந்து வந்தது. அவளும் திரான்சியில்தான். “அண்ணை, அழாதேங்கோ. நாங்கள் வாறம்” என்றாள்.

“நான் அழேல்லையடி.”

“எனக்குத் தெரியும் அண்ணை. நான் மூண்டு தரம் போட்டுக் கேட்டனான். இஞ்சை என்ரை மனிசனும் கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறார்.”

“குளிரறைக்குள்ளை நிண்டு கதைச்சனான்.”

“ஓம் ஓம், சரி. போர்வை எத்தினை கொண்டுவாறது?”

அதன் பிறகு தொலைபேசி ஓயவில்லை. வாழ்நாளில் நாலு பேருக்கு முன்னால் பேசாத மனிதன் அழுது கூப்பிடுகிறான் என்று ஆளுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். நான் மறுக்க மறுக்க அவர்கள் இன்னும் இரங்கினார்கள். ஒரு கட்டத்தில் மறுப்பதை விட்டுவிட்டேன். வந்தால் போதும்.

மைத்துனர் எடுத்து, “ஆரைக் கேட்டுச் சொன்னனீர்?” என்றார்.

“ஒருத்தரையும் கேக்கேல்லை” என்றேன். அப்படி ஒரு பதில் என் வாயிலிருந்து வரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

“நான் நாளைக்குக் காலைமைதான் வருவன். ஒரு தூறலுக்குப் பயந்து மண்டபத்திலை பாய் விரிச்சுப் படுக்க நான் என்ன அகதியோ?”

“எல்லாரும் அப்பிடித்தானே மச்சான் வந்தனாங்கள்” என்றேன். அவர் வைத்துவிட்டார்.

பெரிய சிக்கல் சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது. சம்பந்தியம்மா கதைத்தார். அவருடைய குரலில் கோபம் இல்லை, உண்மையான கலக்கம் இருந்தது. “அண்ணை, எல்லாம் சரி. ஆனால் தாலி கட்ட முதல் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரே கூரைக்குக் கீழை இரவு நிக்கிறதோ? எங்கையும் கேள்விப்பட்டிருக்கிறியளோ? மாப்பிள்ளை தன்ரை வாசலிலை இருந்தெல்லோ வெளிக்கிட வேணும்.”

எனக்கு வானிலை மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னேன். “தங்கச்சி, காலைமை ஆறு மணிக்கு உங்கடை வாசல்லை இருந்து கார் அசையாது. அது மட்டும் எனக்குத் தெரியும். மற்றதை நீங்கள் சொல்லுங்கோ, நான் செய்யிறன்.”

பின்னால் மாப்பிள்ளையின் குரல் பிரெஞ்சில் ஏதோ சொன்னது. பிறகு அவரே தொலைபேசியை வாங்கினார்.

“மாமா, மண்டபத்துக்கு முன்னாலை, கார் நிப்பாட்டுற இடத்துக்கு அங்காலை ஒரு ஹோட்டல் இருக்கு. நாங்கள் அங்கை நிக்கிறம். அந்த வாசல் எங்கடை வாசல். அம்மா அதிலை கோலம் போட்டால் சரிதானே?”

“ஹோட்டல்காரன் விடுவானோ?” என்று தாய் கேட்பது எனக்குக் கேட்டது.

“பனி மூட முதல் போட்டால் அவனுக்குத் தெரியாது அம்மா.”

அப்படியே முடிவாயிற்று.

நாலு மணிக்கு முன்னரே முதலில் வந்தவர் ஐயர். ஒரு கையில் சூட்கேஸ், மற்றக் கையில் ஓமத்துக்குரிய சாமான். “நான் வந்திட்டன். இனி ஆர் வராட்டிலும் கலியாணம் நடக்கும்” என்றார்.

“பொம்பிளையும் வரவேணும் ஐயா” என்றாள் மனைவி.

“ஓம், அதுவும் நல்லதுதான்.”

சமையல்காரர் சாப்பாட்டு வானில் வந்து குசினியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு காராக வந்து நின்றது. பட்டுச்சேலைப் பையை ஒரு கையிலும் தலையணையை மறு கையிலும் வைத்துக்கொண்டு சனம் இறங்கியது. வந்தவர்களில் பாதிப்பேர் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முந்நூறு பேருக்குச் சொல்லியிருந்தோம். இருட்டுவதற்குள் தொண்ணூற்றுச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள்.

மண்டபக் காவலாளி ஒரு போர்த்துக்கீசர். தலையணைகளைக் கண்டதும் ஓடி வந்து, இங்கே நித்திரை கொள்ளச் சட்டத்தில் இடம் இல்லை என்றார். மகள் அவரோடு நெடுநேரம் கதைத்தாள். அவர் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நித்திரை கொள்ளக்கூடாது, ஆனால் வேலை செய்யலாம், எவ்வளவு நேரமானாலும் செய்யலாம் என்றார். ஆகவே எல்லோரும் வேலை செய்தோம். பெண்கள் வட்டமாக இருந்து பூக்கட்டினார்கள், ஆண்கள் கத்தரிக்காய் வெட்டினார்கள். பிள்ளைகள் கோட்டுக் குவியலில் விழுந்து உறங்கியதைக் காவலாளி பார்க்காத மாதிரிப் போனார். பிறகு அவரும் வந்து இருந்து கத்தரிக்காய் வெட்டினார். ஏழு மணிக்குக் கூரையில் மழை கேட்டது. எட்டரைக்கு அந்தச் சத்தம் நின்றது. நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கூரையில் பனி விழத் தொடங்கிவிட்டது.

காலையில் கதவு திறக்கவில்லை. நான்கு பேர் தோள்கொடுத்துத் தள்ளவேண்டியிருந்தது. வயல் எது, வீதி எது என்று தெரியவில்லை. காற்று பனியைப் புகை மாதிரித் தள்ளிக்கொண்டு போனது. கார்கள் வெள்ளை மேடுகளாக நின்றன. மாப்பிள்ளை இருந்த ஹோட்டல் இருநூறு மீற்றர் தூரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. மண்டபத்தில் மண்வெட்டி ஒன்றுதான். மிச்சப்பேர் சோற்றுத் தட்டு, அகப்பை, கேக் வைக்கக் கொண்டுவந்த மட்டை என்று அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். எட்டு மணியிலிருந்து வழி வெட்டினோம். மைனஸ் ஐந்து. ஒருத்தரும் குளிர் என்று சொல்லவில்லை. இல்லை, எல்லோரும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே வெட்டினார்கள்.

ஒன்பதரைக்கு மாப்பிள்ளை வெளிக்கிட்டார். பட்டு வேட்டி, தலைப்பாகை, காலில் ஹோட்டல்காரர் கொடுத்த முழங்கால்வரை வரும் றப்பர் சப்பாத்து. மாப்பிள்ளைத் தோழன் பிடித்த குடை காற்றில் மேல்நோக்கி மடிந்துவிட்டது. வேட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் வந்த வேகத்துக்குப் பின்னால் வந்தவர்கள் ஓடவேண்டியிருந்தது.

“மெதுவா வாங்கோ தம்பி, பொம்பிளை ஓடமாட்டாள்” என்று யாரோ கத்தினார்கள்.

“ஓடினாலும் எங்கை ஓடுறது?” என்றார் மாப்பிள்ளை.

மேளகாரர் வரவில்லை. அவர்கள் எங்கோ நெடுஞ்சாலையில் நின்றார்கள். தாலி கட்டும் நேரம் ஐயர் கையைத் தூக்கியபோது, சமையல்காரரும் அவருடைய ஆட்களும் குசினி வாசலில் நின்று சட்டி மூடிகளால் கெட்டிமேளம் கொட்டினார்கள். அப்போது மணி பத்து ஆறு. பட்டுச்சேலைக்கு மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். முந்நூறு கதிரை போட்ட மண்டபத்தில், வந்த அவ்வளவு பேரும் மணவறையை ஒட்டி நெருங்கி நின்றார்கள். அட்சதை தூரத்திலிருந்து பறந்து வரவில்லை, கைக்கெட்டும் தூரத்திலிருந்து விழுந்தது. மகள் தலையை நிமிர்த்தி முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் சிரித்த சிரிப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரை மணிக்கு, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மைத்துனர் வந்து சேர்ந்தார். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டவர். பாதி வழியில் கார் வாய்க்காலுக்குள் இறங்கிவிட, பனி கரைய வீதிக்கு உப்புப் போடுகிற லொறிக்காரர் அவரை ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருந்தார். கோட் சூட் முழங்கால்வரை நனைந்திருந்தது. தங்கச்சி மகளுக்கு என்று வாங்கிய சங்கிலிப் பெட்டியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வாசலில் நின்று எல்லோரையும் பார்த்தார். நான் எழும்பிப் போய் அவருக்கு ஒரு போர்வையைக் கொடுத்து, சூடாகச் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தேன்.

நாலு வாய் உள்ளே போனதும் அவருக்குக் குரல் வந்தது. பக்கத்தில் இருந்த சம்பந்தியைப் பார்த்து, “நான் அப்பவே சொன்னனான் பனி வருமெண்டு. ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார்.

முதலில் சிரித்தது என் மனைவிதான். பிறகு மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். வாய்நிறையச் சோற்றோடு சிரித்துப் புரையேறி, நான் முதுகில் தட்டவேண்டியிருந்தது.

ஞாயிறு பின்னேரம்தான் வீதி திறந்தது. அதுவரை மகளும் மருமகனும் அந்தச் சனத்தோடு சனமாக அங்கேயே இருந்தார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பனியில் விளையாடினார்கள். யாருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்கவில்லை.

இதையெல்லாம் எழுதித் தரும்படி மகள் கேட்டாள். படங்கள் ஒட்டிய புத்தகத்தில் கடைசி நாலு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள். கடையில் வேலை, பிறகு கை வலி, பிறகு வெட்கம் என்று தள்ளித் தள்ளிப் போய், மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து எழுதினேன். நாலு பக்கத்துக்குள் அடங்காது போலத் தெரிகிறது. தாள் சேர்த்து ஒட்டச் சொல்ல வேண்டும்.

கார்ஜ் லே கொனெஸ்
2025 ஐப்பசி 19, ஞாயிற்றுக்கிழமை